பனிக்குள் வழி வெட்டிய கராஜ்காரர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியலுக்குக் கிழக்கே வல்கூர் என்றொரு சிறிய ஊர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. வைத்தியசாலை இருந்த ஷெர்புரூக் நகரம் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் வீதிகள் பனியால் மூடிக் கிடந்தன. தந்தையின் கராஜில் பனியில் ஓடக்கூடிய வண்டி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அது இன்னும் ஓடும் நிலைக்கு வரவில்லை. பிள்ளை இறந்துபோனான். மூடிய பாதையின் இந்தப் பக்கம் நோயாளியோடு நின்றவர்கள் எங்களிடையே பலர். அவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்தத் தந்தைதான் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. 1907 ஏப்ரல் 16 பிறந்தவர். வீட்டுக் காரைக் கழற்றிவிடுவான் என்ற பயத்தில் தகப்பன் பழைய ஃபோர்ட் எஞ்சின் ஒன்றைக் கொடுக்க, 15 வயதில் அதைச் சறுக்குவண்டியில் பூட்டி, பின்னால் மரக் காற்றாடி வைத்து, தம்பியோடு ஊருக்குள் ஓட்டிக் காட்டினார். சுழலும் காற்றாடியைக் கண்டு நடுங்கிய தகப்பன் உடனே கழற்றச் சொன்னார். குருமடப் பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. 1926இல் சொந்தக் கராஜ் திறந்தார்.

மகன் போன மறு வருடமே, இறப்பர் பூசிய பற்சக்கரமும் அது இழுக்கும் பட்டியும் கைகூடின. 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேரும் பின்னர் பன்னிரண்டு பேரும் ஏறக்கூடிய வண்டிகள் வைத்தியர்களையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றின. 1948இல் கிராம வீதிகளிலும் பனியகற்ற அரசு முடிவெடுக்க, விற்பனை பாதியளவுக்குச் சரிந்தது. மனிதர் சோரவில்லை, சேற்றுநிலத்திலும் ஓடும் உழவு இயந்திரம் செய்தார். 1959இல் வந்த சிறிய ஸ்கி-டூதான் அவரை உலகறியச் செய்தது. முதல் வருடம் விற்றது 225 மட்டுமே. 1964 பெப்ரவரி 18 புற்றுநோயால் இறந்தபோது வயது 56.

அந்த வண்டிகளை இன்றும் பழுதுபார்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு. தாழ்நிலத்தில் நன்றாக ஓடியது ரொக்கி மலைக்குப் போனால் மூச்சுத் திணறும். 3,000 மீற்றரில் காற்றமுக்கம் கடல்மட்டத்தின் ஏறக்குறைய 70 சதவீதம்தான். காற்றுக் குறைந்தாலும் காபரேட்டர் பெற்றோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவை தடித்து, பிளக் கரிபிடித்து, இழுவை போய்விடும். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த எங்கள் மெக்கானிக்மாருக்கு இந்தக் கரி பழக்கமானதுதான்.

அறுபதுகளின் ஸ்கி-டூக்களில் பெரும்பாலும் டில்லட்சன் காபரேட்டர். அதில் மெதுவான ஓட்டத்துக்கு ஒன்றும் வேகத்துக்கு ஒன்றுமாக இரண்டு திருகுகள். வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, முழு வேகத்தில் ஓட்டி, நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கறுப்பென்றால் பெற்றோல் இன்னும் கூட, மரப்பட்டை நிறமென்றால் சரி, வெள்ளையென்றால் ஆபத்து. பின்னாளில் வந்த மிக்குனி காபரேட்டரில் சிறிய துளையுள்ள பித்தளை ஜெற்றை மாற்றவேண்டும். கடும் குளிர் காற்றை அடர்த்தியாக்கி எதிர்ப்பக்கம் இழுக்கும் என்பதால் அன்றைய குளிரையும் பார்த்தே கை வைப்பார்கள்.

எவ்வளவு சரிசெய்தாலும் போன வலு முழுவதும் திரும்பாது. இல்லாத காற்றுக்குத் திருகு என்ன செய்யும்? பெரிய கண்டம் மலை இறங்கும்போதுதான். இரண்டடி எஞ்சினில் எண்ணெயும் பெற்றோலோடு கலந்தே போகிறது. மேலே குறைத்த பெற்றோலைக் கீழே கூட்ட மறந்தால் எண்ணெயும் குறையும், சூடேறிய பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். அதனால் அனுபவசாலிகள் இறங்கியதும் தேநீருக்கு முன் திருகாணியைத்தான் தேடுவார்கள்.