ஆதித்த கரிகாலன் சரிதமும் அவன் கொலையின் காரணமும்

சோழர் சரித்திரத்தைப் பயில்வோர் யாவரும் நின்று பெருமூச்செறியும் இடம் ஒன்றுண்டு. அஃது ஆதித்த கரிகாலன் மாண்ட செய்தியாகும்.

இவன் சுந்தர சோழனுக்கும் வானவன்மாதேவிக்கும் தலைமகன். குந்தவைப் பிராட்டிக்கும், பின்னாளில் முதல் இராசராசன் என விளங்கிய அருண்மொழிவர்மனுக்கும் உடன்பிறந்தவன். இளம்பருவத்திலேயே சேவூர்ப் போர்க்களத்தில் வீரபாண்டியனை எதிர்த்துப் பொருதான். அப்பாண்டியன் தலையைக் கொண்டவன் என்னும் விருது இவனுடைய சாசனங்களில் இவன் பெயரோடு இணைந்து நிற்கின்றது. இத்தகைய வீரன், தந்தையின் ஆட்சி முடியுங்காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 970-ஆம் ஆண்டையொட்டி, வஞ்சனையால் உயிர் துறந்தான்.

திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் விண்ணுலகு புகுந்ததை மட்டுமே கூறும். கொலையென்று வெளிப்பட உரைப்பது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயச் சாசனமேயாம். இராசராசனது 2-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அதில், உடன்பிறந்தாராகிய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போர் துரோகிகளெனக் குறிக்கப்பெறுகின்றனர். கொலை நிகழ்ந்த இடமும் முறையும் அதில் இல்லை.

எனினும் அவர்கள் பட்டப்பெயர்களை நோக்குவோமாக. இரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன். பரமேசுவரன் இருமுடிசோழப் பிரமாதிராசன். இவை அரசியல் அதிகாரிகளுக்கு வழங்கும் பட்டங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர். ஆகவே தலையிழந்த பாண்டியன்பால் கொண்ட பற்றே பழிக்கு வித்தாயிற்றெனக் கருத இடமுண்டு. அரண்மனையை அணுகும் உரிமையுடையார், உடன்பிறந்தாராய் மறை காக்க வல்லார், காலம் நோக்கியிருந்து இதனை முடித்திருப்பர் என்றே யாம் ஊகிக்கின்றோம்.

இனி மற்றொரு கருத்தும் உண்டு. கரிகாலனுக்குப் பின் அரியணை ஏறியவன், கண்டராதித்தர்க்கும் செம்பியன் மாதேவியார்க்கும் மகனான உத்தமசோழன். அவன் 985-ஆம் ஆண்டு வரை ஆண்டான். துரோகிகளின் நிலம் பற்றிய ஆணை அவனுக்குப் பின்னரே காணப்படுதலின், அவனுக்கும் இதிற் பங்குண்டென ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

யாமும் பின்னவர் பக்கமே நிற்கின்றோம். பயன் பெற்றவனே பழி செய்தான் என்பது வழக்காடுவார் துணிபேயன்றிச் சான்றாகாது. உடையார்குடிச் சாசனம் நிலத்தை விற்ற செய்தியையே கூறும்; குற்றவாளிகள் தண்டமுற்ற நாளைக் கூறாது. சிற்றப்பன் அரசை விரும்பியபோது அருண்மொழி தானே விலகி நின்றான் என்று செப்பேடு சொல்லும். அவன் முடிசூடிய பின்பும் செம்பியன் மாதேவியார் போற்றப்பெற்றார். உத்தமசோழன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அரசியற் பணியில் அமர்ந்தான். தமையனைக் கொன்றவன் மகனுக்கு இராசராசன் அத்தகைய நம்பிக்கை வைத்திருப்பனோ?

அன்பர்களே, அச்சாசனத்தில் மனத்தை வருத்துவது வேறொன்றுண்டு. கொலை செய்தவரேயன்றி, அவர்தம் மக்களும், மனைவியரும், பெண் கொடுத்தாரும் கொண்டாரும் உடைமை இழந்தனர். அவருள் அக்கொலையைக் கனவிலும் அறியாதார் எத்துணைப் பேரோ! பத்து நூற்றாண்டு கடந்த பின்பும், சிலர் செய்த தீமையை அவர் குலத்தின்மேல் ஏற்றிப் பேசுவோர் உளர். ஒருவன் பிழை அவன் சுற்றத்தின் பிழையன்று. கரிகாலன் சரிதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கால், அவன் வீரத்தோடு இந்நீதியையும் சேர்த்தே சொல்வோமாக.