ஜோன் ஹவார்ட்

ஜோன் ஹவார்ட் (செப்டம்பர் 2, 1726 – ஜனவரி 20, 1790) இங்கிலாந்தைச் சேர்ந்த சிறைச் சீர்திருத்தவாதி ஆவார். 1756 இல் கடற்பயணத்தின்போது பிரெஞ்சுக்காரரிடம் சிக்கிச் சிலகாலம் பிரான்சில் சிறைப்பட்டிருந்தார்.

1773 இல் பெட்போர்ட்ஷயர் மாவட்டத்தின் உயர் ஷெரீப் பதவியை ஏற்றார். இப்பதவியை வகித்தோர் பொதுவாகச் சிறைப்பக்கம் செல்வதில்லை, இவர் சென்றார். அங்கே சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் பெறும் கட்டணமே அவரது வருமானமாகும். இதனால், குற்றமற்றவர் என நீதிமன்றம் விடுவித்தவர்களும் அக்கட்டணத்தைச் செலுத்த இயலாமல் மீண்டும் சிறையில் அடைக்கப்பட்டனர். காவலருக்குச் சம்பளம் வழங்குமாறு ஹவார்ட் வேண்டினார். நீதிபதிகளோ அதற்கு முன்னுதாரணம் கேட்டனர். அதைத் தேடி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றவர் அங்கும் அதே கொடுமையையே கண்டார்.

1774 இல், விடுதலை பெற்றோரிடம் கட்டணம் பெறுவதை நாடாளுமன்றம் சட்டத்தினால் தடுத்தது. பல சிறைகளில் இச்சட்டம் ஏட்டளவிலேயே இருந்தது. தாம் நேரில் கண்டவற்றை ஹவார்ட் 1777 இல் நூலாக வெளியிட்டார். இன்றைய உக்ரைனிலுள்ள கெர்சோன் நகரில் காய்ச்சலால் காலமானார்.