சுவாமிகளும் சிறுவர் சபையும்

பங்குனியும் சித்திரையும் வந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கோயில் திடல்தோறும் வள்ளி திருமணம் நாடகம் நடக்கக் காணலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கினால், விடியும்வரை நாரதரும் வள்ளியும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அந்நாடகத்தை யாத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் என்பதை நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிவர். ஆனால் அவர் இதே மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபை தொடங்கினார் என்பதும், அதை நான்கே ஆண்டுகள்தாம் அவரால் நடத்த முடிந்தது என்பதும் பலர் அறியாதவை.

சுவாமிகள் 1867 செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை தமிழ்ப் புலமை மிக்கவர். தந்தையிடம் தொடங்கிய கல்வி, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முற்றியது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே உடன் பயின்றவர். படித்தது யாப்பிலக்கணம், கிடைத்ததோ உப்பு வணிகத்தில் கணக்கெழுதும் வேலை! இருபத்து நான்காம் வயதில் பேரேட்டை மூடிவிட்டு நாடக மேடை ஏறினார்.

கருத்த மேனியும் கம்பீரமான குரலும் கொண்டவருக்கு எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் ஆகிய வேடங்களே வாய்த்தன. நளதமயந்தி நாடகம் முடிந்த ஒரு விடியற்காலையில், சனீசுவரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்டு, துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி அஞ்சி உயிர் நீத்தாள் என்று நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. அவர் எமனாகத் தோன்றியபோது கருவுற்றிருந்த பெண்ணொருத்திக்கு நேர்ந்த துன்பத்தையும் சொல்வர். ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்று நாம் நினைக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. வேடத்தைத் துறந்தார், காவி உடுத்துத் தலயாத்திரை போனார். மணம் செய்துகொள்ளவே இல்லை. சுவாமிகள் என்ற பெயரும் நிலைத்தது.

அவரை மீண்டும் நாடகத்தின்பால் திருப்பியவர்களுள் முதன்மையானவர் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்று, தாள நுட்பங்களைக் கற்பித்தார். அதன்பின் அவர் நடிகரல்லர், ஆசிரியர். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே உருவானவர்.

அக்கால மேடை எப்படி இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய நடிகர்கள் பாடம் கேட்க மாட்டார்கள். மேடையில் ஒருவரையொருவர் மடக்குவதற்காகக் கதைக்கு ஒவ்வாத கேள்விகளைத் தொடுப்பார்கள். கதை நடுத்தெருவில் நிற்கும். சுவாமிகள் நாடகத்துக்கு எழுத்து வடிவம் கொடுத்தார். வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும், இடையிடையே செம்மையான உரைநடையுமாக அமைத்தார். ஆயினும் எழுதினால் மட்டும் போதுமா? எழுதியபடி நடிக்க ஆள் வேண்டுமே. பெரியவர்கள் இசையவில்லை, ஆகவே சிறுவர்களை நாடினார்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. டி.கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய உடன்பிறப்புகள் அவ்வாண்டே சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. பள்ளிக்கூடம், சாப்பாடு, படுக்கை எல்லாம் கம்பெனி வீட்டிலேதான். பாடம் தவறினால் அடி நிச்சயம். சுவாமிகள் அன்பு மிக்கவர், ஆனால் கண்டிப்பில் குறை வைத்தவரல்லர். அச்சிறுவர்களின் இளமை எங்கே போயிற்று என்ற வருத்தம் இதை எழுதும்போது எனக்கு எழாமலில்லை.

அந்தச் சின்னஞ்சிறு சண்முகத்துக்காகவே பிறந்தது அபிமன்யு சுந்தரி. ஓர் இரவு விளக்கருகே அமர்ந்த சுவாமிகள் விடிவதற்குள் நாடகம் முழுவதையும், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுடன், அடித்தல் திருத்தலின்றி எழுதி முடித்துவிட்டார் என்பது அச்சபையில் இருந்தோர் வியந்து பேசிய செய்தி.

மதுரை மக்களோடு அவருக்கு நேர்ந்த ஒரு சிறு பிணக்கும் சுவையானது. கோவலன் நாடகத்தில் மதுரையை மாபாவியோர் வாழும் ஊர் என்று குறிக்கும் பாட்டைக் கேட்டு நம்மூரார் கொதித்தெழுந்தனராம். சுவாமிகள் அச்சொல்லை மூன்றாகப் பிரித்து, திருமகளும் கலைமகளும் மலைமகளும் வாழும் மதுரை என்று பொருள் விரித்தாராம். கொதித்தவர்கள் கை தட்டினார்கள். உள்ளபடியே அவர் எதை நினைத்து எழுதினாரோ, கண்ணகிக்குத்தான் வெளிச்சம்!

1921இல் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் செயலிழந்தன; நாவும் எழவில்லை. பாட்டெழுதிய கையும் பாடம் சொன்ன வாயும் ஓய்ந்த நிலையிலும் சபையை விட்டு அவர் பிரியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

சபை சில காலம் தொடர்ந்தது, பி.யு. சின்னப்பா சிறுவனாக அதில் இருந்தார். சகோதரர்கள் விலகி 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். எம்.ஜி.ஆர். வளர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இவ்வழியில் வந்ததே. பேசும் படம் வந்தபின் பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தமுக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை எழுந்தது.

எஞ்சி நிற்பது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது இயலுகிறது. பாடம் முடிந்த இடத்தில் அவர்கள் தம் மனம்போல் தர்க்கத்தைத் தொடங்குகிறார்கள். சுவாமிகள் எதைத் தடுக்கச் சிறுவர்களைத் தேடிப் போனாரோ, அதைத்தான் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறார்கள் நம் ஊர் மக்கள்.