படத்தின் மூலையில் ஒரு பெயர்: கோவில்பட்டி கொண்டையராஜு

வரும் பொங்கலுக்குக் கடையில் வாழ்த்து அட்டை வாங்காமல், நம் வீட்டுப் பிள்ளைகள் வாட்டர்கலரில் வரையும் படங்களையே அச்சடித்து அனுப்பலாம் என்று சென்ற கூட்டத்தில் முடிவானது நினைவிருக்கும். ஆனால் அட்டையில் வரைந்த பிள்ளையின் பெயர் வேண்டுமா, சங்கத்தின் பெயர் மட்டும் போதுமா என்பதில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் அன்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டரில் தேதி கிழிக்கும்போதுதான் சி.கொண்டையராஜு ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் பெயர் தெரியாவிட்டாலும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய மளிகைக் கடைக்குள் நுழைந்து கல்லாவுக்கு மேலே பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் புகை படிந்து ஒரு கஜலட்சுமி இருப்பாள். தாமரை மேல் லட்சுமி, இரண்டு பக்கமும் யானை. அந்த மாதிரிப் படங்களைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் இவர்.

1898இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தார். வெளிச்சம், நிழல், தூரம், கிட்டம் என்று வெள்ளைக்காரர் வகுத்த முறையில் நடந்த பள்ளி அது. படித்து முடித்தவர் உத்தியோகம் தேடிக்கொண்டு உட்காரவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதப் போனார். இன்றைய பிள்ளைகளுக்குச் சீன் படுதா என்றால் என்னவென்று தெரியாது. மேடைக்குப் பின்னால் அரண்மனை, நந்தவனம், அருவி என்று துணியில் தீட்டித் தொங்கவிடுவார்கள். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டுமென்பதால் எல்லாமே பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கும். அவருடைய சாமி படங்களின் பின்னணியில் தெரியும் தூண்களையும் திரைச்சீலைகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடைதான் தெரிகிறது. ரவிவர்மாவின் பாதிப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

1940களில் கோவில்பட்டிக்கு வந்த கம்பெனி கலைந்தது. நான் பி.காம். படித்தவன், கம்பெனி கலைந்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்ப்பது பழக்கம். பொதுவாகக் கடனும் பழைய சாமானும்தான் மிஞ்சும். கோவில்பட்டிக்கு ஓர் ஓவியர் மிஞ்சினார். அங்கேயே தங்கி, சீடர்களோடு ஸ்டூடியோ ஆரம்பித்தார். போட்டோ எடுப்பதும், எடுத்த படத்துக்குக் கையால் வர்ணம் ஏற்றுவதும், சாமி படம் எழுதுவதும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம் எல்லாரும் அவரிடம் தொழில் பழகியவர்கள்.

சிவகாசி பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே அச்சகங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் படம் வேண்டும். ஓவியர் அட்டையில் எழுதிக் கொடுத்த ஒரே படத்தை வைத்து, நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அச்சேற்றுவார்கள். கீழே கடைப் பெயர் போட இடம் காலியாக இருக்கும். ஒரே லட்சுமி நம் ஊர் பஞ்சுக் கடைக்கும் போவாள், எங்கோ ஒரு ஜவுளிக் கடைக்கும் போவாள். காலண்டர் அடித்த அந்த ஊரிலிருந்துதான் நமக்குப் பொங்கல் வாழ்த்து அட்டைகளும் வந்தன. டிசம்பர் கடைசியில் எங்கள் கிளைக்கு வரும் காலண்டர் கட்டைப் பிரிக்கும்போது சாமி படத்துக்கு நடந்த போட்டியை, டெபாசிட் வாங்க நாங்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால், அழுகைதான் வரும்!

கடைக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எழுதியவர் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும். ஆனாலும் இருக்கும். சில படங்களில் தன் பெயரோடு சுப்பையாவின் பெயரும் வரும்படி விட்டிருக்கிறார் கொண்டையராஜு. மாணவன் பிடித்த தூரிகைக்கும் கணக்கு வைத்த மனிதர். அவர் 1976இல் காலமானார். காலண்டர் வருஷம் முடிந்தால் கிழிந்து போகிற பொருள். மூலையில் அந்தப் பெயர் இல்லாதிருந்தால், கல்லாவுக்கு மேலே இருப்பது யார் எழுதிய லட்சுமி என்று இன்று எப்படிச் சொல்வோம்?

ஆகவே என் ஓட்டு பிள்ளைகள் பக்கம். சங்கத்தின் பெயர் அட்டையின் பின்புறம் இருக்கட்டும். பிள்ளையின் பெயர் முன்புறம், படத்திலேயே, அவர்கள் கையெழுத்திலேயே வரட்டும். அச்சானதும் அசல் படத்தை அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சங்க அலமாரியில் போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு விஷயம். கெட்டியான டிராயிங் தாளில் வரையச் சொல்லுங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் சுருங்கினால் ஸ்கேன் செய்யும்போது மடிப்பெல்லாம் நிழலாக விழும். வெளிர் நிறங்கள் அச்சில் இன்னும் வெளுத்துப்போகும் என்பதால் வர்ணத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே போடட்டும். கையெழுத்தை மட்டும் ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் உள்ளே தள்ளிப் போடட்டும். அட்டையை வெட்டும்போது முதலில் போவது அந்த ஓரம்தான்.