கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்த குரு

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். இன்ஜினியர் ஆச்சே, விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றித்தான் எழுதுவான் என்று நண்பர்கள் நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஸ்ரீ நாராயண குருவை. குனிந்துபோன மனசை நிமிர்த்துவதும் ஒரு கட்டுமான வேலைதானே!

1856-ல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மாடன் ஆசான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். மகனும் சமஸ்கிருதம் படித்து, ஊர் திரும்பி வாத்தியார் ஆனார். தமிழும் நன்றாகத் தெரியும். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தார். தைக்காடு அய்யாவிடம் யோகம் பயின்று, மருந்துவாழ் மலைக் குகையில் தவம் இருந்தார். கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போகும்போது நம்மில் பலர் பார்த்திருக்கும் மலைதான்.

அன்றைய திருவிதாங்கூரில் ஈழவர்கள் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில்கூட நடக்க முடியாத ஊர்கள் உண்டு. டாக்டருக்குப் படித்த பல்புவுக்கே சொந்த ஊரில் சர்க்கார் வேலை கிடைக்கவில்லை, மைசூர் போனார். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால், நாம மட்டம்தான் போல என்று மனுஷன் தானே நம்பிவிடுவான். குரு கை வைத்தது அந்த இடத்தில்தான்.

1888 சிவராத்திரி அன்று அருவிப்புரத்தில், நெய்யாற்றில் இருந்து ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அந்த உரிமை உமக்கு ஏது என்று கேட்டவர்களிடம், தான் வைத்தது ஈழவர்களின் சிவன் என்று சொல்லிவிட்டார். சண்டையும் போடவில்லை, யாரிடமும் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானது. குரு தலைவர், கவிஞர் குமாரன் ஆசான் செயலாளர். அடுத்த ஆண்டு வர்க்கலை சிவகிரிக்கு வந்தார். கோயில் கேட்டு வந்தவர்களைப் பிற்பாடு பள்ளிக்கூடம் கட்டச் சொன்னார். கள்ளை விடச் சொன்னார், கல்யாணச் செலவைக் குறைக்கச் சொன்னார். 1924-ல் ஆலுவா ஆசிரமத்தில் எல்லா மதத்தாரையும் கூட்டி மாநாடு நடத்தினார். 1922-ல் தாகூரும் 1925-ல் காந்தியடிகளும் சிவகிரிக்கே வந்து அவரைப் பார்த்தார்கள்.

1927-ல் சேர்த்தலைக்குப் பக்கத்தில் களவங்கோடத்தில் அவர் பிரதிஷ்டை செய்தது ஒரு கண்ணாடி! சாமி பார்க்கப் போனவனுக்குத் தன் முகமே தெரியும். எட்ட நில் என்று காலம் பூராவும் கேட்டவனுக்கு இதைவிடப் பெரிய உபதேசம் என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டு, செப்டம்பர் 20-ல், சிவகிரியில் சமாதி அடைந்தார். திருவிதாங்கூர் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-ல்தான். ஆனால் உள்ளே போனவர்கள் அதற்கு முன்பே நிமிர்ந்து நடக்கப் பழகியிருந்தார்கள்.

நான் கவனித்தது ஒன்று. நீ தாழ்ந்தவன் இல்லை என்று அவர் வெறுமனே ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கும்பிட ஒரு கல், படிக்க ஒரு பள்ளி, பார்க்க ஒரு கண்ணாடி என்று கையில் எதையாவது கொடுத்தார்.

நம் செட்டிலும் வேலை போனவன், தொழிலில் நொடித்தவன் உண்டு. யார் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்ற பேச்சுக்குப் பயந்தே சந்திப்புக்கு வராமல் இருப்பான். அவனுக்குப் புத்திமதி வேண்டாம் நண்பர்களே. போன் போட்டுக் கூப்பிடுங்கள். விழாவில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்.