4 வருஷம் இழுத்த கோர்ட் கேஸ்... ஜெயிலுக்கும் தயாரான டாக்டர் ருக்மாபாய்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் பெண்களில், குடும்ப வழக்கு நடத்துகிறவர்களுக்கு 'வாய்தா' என்பது வெறும் தேதி கிடையாது. ஒருநாள் லீவு, ஒருநாள் சம்பளம். சொந்த ஊர் கோர்ட்டில் கேஸ் என்றால் ராத்திரி பஸ் வேறு. போய் நின்றால், இன்னொரு தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கல்யாண வழக்கில் இப்படிக் காத்துக்கிடந்த பெண்களுக்கெல்லாம் மூத்தவர் ருக்மாபாய்.

1864-ல் பம்பாயில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா ஜெயந்திபாய், டாக்டர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். 11 வயதில் ருக்மாபாய்க்கு, 19 வயது ததாஜி பிகாஜியோடு கல்யாணம். ஆனால் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்து படித்தார். படிக்கப் படிக்க, அந்த வாழ்க்கை வேண்டாம் என்ற முடிவும் உறுதியானது.

1884-ல், மனைவியைத் தன்னோடு அனுப்பச் சொல்லி ததாஜி பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் நீதிபதி பின்ஹே அதைத் தள்ளுபடி செய்தார். சேர்ந்தே வாழாதவர்களை 'மறுபடி' சேர்த்துவைக்க முடியாது என்பது அவர் கணக்கு. அதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? ததாஜி தரப்பு முடிந்ததுமே, ருக்மாபாய் தரப்பைக் கேட்கத் தேவையில்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் பின்ஹே. 1886-ல் அப்பீல் கோர்ட், இந்த வழக்கு செல்லும், முழுசாக விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. இழுத்தடிப்பு மட்டும்தான் அநியாயம் என்று நினைக்கிறோம். நம் பக்கம் ஜெயித்தாலும், அவசரத்தில் விட்டுப்போன விசாரணை பின்னாடி நம்மையே கடிக்கும். ருக்மாபாய்க்கு அதுதான் நடந்தது.

1887 மார்ச்சில், இன்னொரு நீதிபதியான ஃபாரன் முன்னால் வந்தது வழக்கு. கணவரோடு போய் வாழ வேண்டும், இல்லாவிட்டால் 6 மாதம் வரை ஜெயில். ஜெயிலுக்கே போகிறேன் என்று நின்றார், 22 வயதுப் பெண். ஊரே இரண்டுபட்டது. பால கங்காதர திலகர் அவருக்கு எதிராக எழுதினார். சீர்திருத்தக்காரர்கள் அவருக்காக நிதி திரட்டினார்கள். கடைசியில் 1888 ஜூலையில் சமரசம். 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ததாஜி விலகினார். 4 வருஷ அலைச்சலுக்கு விடை கோர்ட்டில் கிடைக்கவே இல்லை, பாருங்கள்.

அடுத்த வருஷம் லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்தார். திரும்பி வந்து சூரத்தில் பெண்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்தார். சுமார் 35 வருஷம் டாக்டராக வேலை. 1904-ல் ததாஜி இறந்தபோது, விதவைகள் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டாராம். ஏன் என்று நம்மால் சுலபமாக விளங்கிக்கொள்ள முடியாது.

ருக்மாபாய் 1955 செப்டம்பர் 25-ல் காலமானார். அதே வருஷம் மே மாதம் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவு, சேர்ந்து வாழக் கோரும் அந்த மனுவை அப்படியே வைத்துக்கொண்டது. ஜெயில் மட்டும் கிடையாது. அதே சட்டத்தின் 21பி பிரிவு, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 வாய்தாவுக்கு மேல் கிடையாது. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி தான் வசிக்கும் இடத்துக்கான கோர்ட்டிலேயே மனு போடலாம். கணவர் தூரத்து ஊரில் போட்டிருந்தால், இங்கே மாற்றித் தரச் சொல்லி ஹைகோர்ட்டில் கேட்கலாம்.