நோவா வெப்ஸ்டரும் ஓ-யூ-ஆர் ஈற்று ஆங்கிலச் சொற்களும்

ஆனர், கலர், ஃபேவர், லேபர் முதலிய ஆங்கிலச் சொற்கள் பிரித்தானிய எழுத்து வழக்கில் ஓ, யூ, ஆர் என்னும் மூன்றெழுத்து ஈற்றைப் பெறுகின்றன. அமெரிக்க வழக்கில் இடைநின்ற யூ இல்லை. இவ்வேறுபாட்டைத் தோற்றுவித்தவர் அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டர் என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். அவரது வாழ்க்கையை ஆண்டு வரிசையில் வைத்து நோக்கினால், அவர் இவ்வழக்கைத் தோற்றுவித்தவர் அல்லர், நிலைநிறுத்தியவர் என்பது புலப்படும்.

வெப்ஸ்டர் 1758 அக்டோபர் 16 அன்று கனெக்டிகட் பகுதியில், ஹார்ட்ஃபோர்டின் மேற்குப் பிரிவில், வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். 1774இல் அவர் யேல் கல்லூரியில் சேர்ந்தபோது அவர்தம் தந்தை நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கவைத்தார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1778இல் பட்டம் பெற்றார். 1781இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றும், பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியப் பணியையே நம்ப வேண்டியிருந்தது. அரசியலில் விடுதலை பெறும் நாடு இங்கிலாந்தின் பாடநூல்களையே சார்ந்திருப்பது அவருக்கு உவப்பாக இல்லை. 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல், பின்னாளில் அதன் நீலநிற அட்டையாலேயே பெயர் பெற்றது.

இந்நூலில் வெப்ஸ்டர் யூவை நீக்கவில்லை. ஆனர், ஃபேவர் ஆகியவற்றிலிருந்து அவ்வெழுத்தைக் களைவோரைக் கண்டிக்கவும் செய்தார். அவர் அப்போது பின்பற்றியது சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முறை. யூ இல்லாத வடிவம் வெப்ஸ்டருக்கு முன்னரே வழக்கில் இருந்தது என்பதற்கு அவரது கண்டனமே சான்றாகிறது. ஜான்சனும் முரணின்றி எழுதியவர் அல்லர். உட்புறத்தைக் குறிக்கும் இன்டீரியர் என்னும் சொல்லுக்கு யூ கொடுத்த அவர், வெளிப்புறத்தைக் குறிக்கும் எக்ஸ்டீரியருக்குக் கொடுக்கவில்லை.

வெப்ஸ்டரின் கருத்து மாறியதில் ஒரு பயணத்திற்குப் பங்குண்டு. நாடு முழுமைக்குமான பதிப்புரிமைச் சட்டம் அப்போது இல்லை. எனவே தம் நூலுக்குக் காப்புத் தேடி அவர் மாநிலம் மாநிலமாகச் சென்றார். அவ்வலைச்சலின் ஊடே 1786இல் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடன் பழகும் வாய்ப்புக் கிட்டியது. ஃபிராங்க்ளின் ஏற்கெனவே புதிய எழுத்துகளைக் கொண்ட ஒலிப்புமுறை நெடுங்கணக்கொன்றை வகுத்திருந்தார். வெப்ஸ்டர் புதிய எழுத்துகளை ஏற்கவில்லை. இருக்கும் எழுத்துகளைக் கொண்டே ஒலிப்புக்கு நெருங்கி எழுதலாம் என்னும் முடிவுக்கு வந்தார். 1789இல் ஆங்கில மொழி பற்றிய தம் ஆய்வுரைகளை ஃபிராங்க்ளினுக்கு உரிமையாக்கி வெளியிட்டு, எழுத்துச் சீர்திருத்தத்தை அதன் பின்னிணைப்பில் வற்புறுத்தினார். மறு ஆண்டில் வந்த கட்டுரைத் தொகுதியில் சில பகுதிகளைப் புதுமுறையிலேயே அச்சிட்டார். ஆய்வுரை நூல் விற்கவில்லை, பொருளிழப்பே மிஞ்சியது.

அவரது 1806ஆம் ஆண்டுச் சிற்றகராதி இத்தோல்விக்குப் பின் வந்தது. இதில் அவர் பெரும்பாலும் தனிச்சொற்களைவிட ஈறுகளையே திருத்தியதாகக் கொள்ளலாம். ஓ-யூ-ஆர் ஈற்றுச் சொற்கள் பல இலத்தீனில் ஓ-ஆர் ஈறு கொண்டவை. பிரெஞ்சு வழியாக வந்தபோதே யூவைப் பெற்றன. அவற்றின் ஈற்றசை அழுத்தமின்றி ஒலிப்பதால் அங்கு யூவுக்கு ஒலிப்பயன் இல்லை. மேலும், லேபரிலிருந்து பிறந்த லெபோரியஸ், ஆனரிலிருந்து பிறந்த ஆனரரி ஆகியவற்றை இங்கிலாந்தினரும் யூ இன்றியே எழுதுகின்றனர். நான்கைக் குறிக்கும் ஃபோர், பயணத்தைக் குறிக்கும் டூர் ஆகியவற்றில் இதே எழுத்துத் தொடர் அழுத்தம் பெற்ற அசையில் நிற்பதால் அவை இவ்விதிக்குள் வாரா. கிளாமர் என்னும் சொல் அமெரிக்காவிலும் பெரும்பாலும் யூவுடனேயே எழுதப்படுகிறது. அது இலத்தீன் ஓ-ஆர் ஈற்றுச் சொல்லன்று. இலக்கணத்தைக் குறிக்கும் கிராமர் ஸ்காட்லாந்து வழக்கில் திரிந்த வடிவம். இலக்கணம் கவர்ச்சியாகத் திரிந்த செய்தி தமிழாய்வாளர்க்குச் சுவை தரலாம்.

தியேட்டர், சென்டர் ஆகியவற்றின் ஆர்-ஈ ஈற்றை ஈ-ஆர் என மாற்றியதும், மியூசிக், பப்ளிக் ஆகியவற்றின் இறுதிக் கே-யை நீக்கியதும் இவ்வகையினவே. கே நீக்கத்தை இங்கிலாந்தும் மேற்கொண்டது. ஆனால் நாவைக் குறிக்கும் டங் என்னும் சொல்லை ஒலிப்புக்கேற்ப நான்கெழுத்தாகச் சுருக்கிய முயற்சி எடுபடவில்லை. ஏக்கரின் கதை இன்னும் தெளிவானது. அதன் ஈற்றை மட்டும் மாற்றினால் சி என்னும் எழுத்து சகர ஒலி பெற்றுவிடும். சி-யின் இடத்தில் கே-யையும் இட வேண்டும். வெப்ஸ்டர் அவ்வாறே எழுத விரும்பினார், மக்கள் ஏற்கவில்லை. முன்வழக்கு உடையதும் ஓர் இனச்சொற்கள் முழுமைக்கும் பொருந்துவதுமான திருத்தங்களே பெரும்பாலும் நின்றன என்று கருத இடமுண்டு. பழகிய சொல்லின் தோற்றத்தையே குலைத்தவை உதிர்ந்தன.

பேரகராதிப் பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. செலவைக் குறைக்க 1812இல் ஆம்ஹர்ஸ்டுக்குக் குடிபெயர்ந்த வெப்ஸ்டர், பத்தாண்டுகளுக்குப் பின் நியூஹேவனுக்குத் திரும்பினார். 1824இல் பாரிஸ் சென்று நூலகங்களில் உழைத்தார். 1825 தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கையெழுத்துப்படியை முடித்தார். இங்கிலாந்து வழக்கிலிருந்து விலகிய அகராதி அந்நாட்டு மண்ணிலேயே நிறைவுற்றது. 1828இல் இரு தொகுதிகளாக, ஏறத்தாழ 70,000 சொற்களுடன் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது. அச்சான 2,500 படிகளின் விலை 20 டாலர். பள்ளி ஆசிரியர் எவரும் எளிதில் வாங்கக்கூடிய தொகையன்று.

இவ்வகராதியின் சொற்பிறப்பியல் பகுதி நலிவுடையது. மொழிகளின் தோற்றத்தை விவிலிய வரலாற்றோடு இணைத்துக் கண்ட வெப்ஸ்டர், வில்லியம் ஜோன்ஸ் தொடங்கி வைத்து ஜெர்மானிய அறிஞர் வளர்த்த ஒப்பியல் ஆய்வைப் பயன்கொள்ளவில்லை. பல மொழிகளைக் கற்றும் ஒலிமாற்ற விதிகளைக் காணாமல் வடிவ ஒப்புமையை நம்பியது அவரது பெருங்குறை.

1841இல் இரண்டாம் பதிப்பைக் கடன்பட்டு வெளியிட்ட வெப்ஸ்டர், 1843 மே 28 அன்று நியூஹேவனில் மறைந்தார். விற்காமல் எஞ்சிய படிகளையும் உரிமையையும் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த மெரியம் சகோதரர்கள் வாங்கினர். 1847இல் அவர்கள் ஒரே தொகுதியாக 6 டாலருக்கு வெளியிட்ட பதிப்பே அகராதியைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. 1864ஆம் ஆண்டுப் பதிப்புக்காக ஜெர்மானியரான மான் என்பார் சொற்பிறப்பு விளக்கங்களைப் பெரும்பாலும் புதிதாக எழுதினார். ஆனர், கலர் முதலியவை அப்பதிப்பிலும் யூ இன்றியே நின்றன.